லெமன் பாமா, எலுமிச்சைப் புதினாவா?

நர்சரியில் 'லெமன் மின்ட்' என்று கேட்டால் எது கைக்கு வரும் என்பது அன்றைய சரக்கைப் பொறுத்தது. அந்தப் பெயரில் இரண்டு செடிகள் உலவுகின்றன. இரண்டும் புதினாக் குடும்பம்தான். தண்டை விரலில் உருட்டினால் நான்கு பட்டை தட்டுப்படும்.

ஒன்று லெமன் பாம், அதாவது மெலிசா அஃபிசினாலிஸ். கிரேக்கத்தில் மெலிசா என்றால் தேனீ. பூத்த செடியைத் தேனீக்கள் விடுவதில்லை. ஈரானில் இதற்குப் பெயர் பாத்ரஞ்ச்பூயே. இலையைக் கசக்கினால் எலுமிச்சம்புல் நினைவுக்கு வரும். இரண்டிலும் இருப்பது சிட்ரால் என்ற மணப்பொருள். பாரிஸில் கார்மலைட் என்ற கத்தோலிக்க சபைத் துறவிகள் 17ஆம் நூற்றாண்டில் வடித்த 'கார்மலைட் நீர்' என்ற மூலிகை மருந்து இதை வைத்துத்தான். ஐரோப்பாவில் தூக்கத்துக்கு முன் குடிக்கும் மூலிகைத் தேநீர்களில் இதுவும் ஒன்று. பச்சை இலை ஒரு பிடி, கொதித்து இறக்கிய நீர், மூடி வைத்து பத்து நிமிடம். காய்ந்த இலையில் பாதி மணம் போய்விடும், வாங்க வேண்டாம். தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும்.

மற்றது மென்தா சிட்ராட்டா: பெர்கமாட் புதினா, ஆரஞ்சுப் புதினா, ஓடிகொலோன் புதினா என்று ஏகப்பட்ட பெயர். இதில் இருப்பவை லினலூல், லினலைல் அசிடேட் என்ற மணப்பொருள்கள், லாவெண்டரின் சொத்து. வாசனை எண்ணெய்க்கு அருமை. தேநீரில் எனக்குச் சோப்பு நெடி, சட்னிக்கு நினைக்கவே வேண்டாம்.

பாம் விதை சிந்திப் பரவும். சிட்ராட்டா மண்ணுக்கடியில் ஓடும். தரையில் விடாதீர்கள், தொட்டியில் அடையுங்கள். குடிக்கத்தான் என்றால் என் ஓட்டு பாமுக்கே.