ஃபிரிட்ஜ் கதவுக்குப் பின்னால் ஒரு பாதை: சாண்டா ஃபேயின் ‘ஹவுஸ் ஆஃப் எட்டர்னல் ரிட்டர்ன்’

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகரான சாண்டா ஃபேயில் மியாவ் வுல்ஃப் என்ற கலைக்குழு 2016 மார்ச் மாதம் திறந்த ‘ஹவுஸ் ஆஃப் எட்டர்னல் ரிட்டர்ன்’, சுமார் 20,000 சதுர அடிப் பரப்பில் 70-க்கும் மேற்பட்ட அறைகளைக் கொண்ட நிறுவல் கலைப் படைப்பு. பார்வையாளர் விலகி நின்று பார்த்துவிட்டுப் போவதற்காக அல்லாமல், உள்ளே புகுந்து, தொட்டு, திறந்து, தவழ்ந்து அனுபவிப்பதற்காகச் செய்யப்பட்டது. இங்கே போய் வந்தவர்கள் பெரும்பாலும் ஒளிரும் காட்டையும் வண்ண விளக்குகளையும்தான் புகழ்கிறார்கள். என்னைக் கேட்டால், அவற்றையெல்லாம் தாங்கி நிற்பது நடுவிலுள்ள அந்தச் சாதாரண வீடுதான். அது அவ்வளவு சாதாரணமாக இல்லாதிருந்தால் மற்றவை எதுவும் எடுபட்டிருக்காது.

வெளியிலிருந்து பார்க்கும்போது கட்டடம் ஒரு கிடங்கைப் போலத்தான் இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் ராட்சத ரோபோவும் ராட்சதச் சிலந்தியும் மட்டுமே உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்பதற்கு அடையாளம். நுழைந்து நடைபாதையைக் கடந்தால், பகலிலும் அங்கே இரவு. இரவின் நடுவே விக்டோரியா காலப் பாணியில் இரண்டு மாடி வீடு ஒன்று முற்றத்தோடு நிற்கிறது. கலிபோர்னியாவின் மெண்டொசினோவில் வாழ்ந்த செலிக் குடும்பத்தின் வீடு அது. அந்தக் குடும்பத்துக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது, வீட்டுக்குள் காலமும் இடமும் குலைந்துபோயிருக்கின்றன என்பதுதான் கதையின் அடிப்படை. இதை விளக்கும் வழிகாட்டி எவரும் உடன் வருவதில்லை. வாசலில் தபால் பெட்டி இருக்கிறது. அதைத் திறந்து கடிதங்களை எடுத்துப் படிக்கலாம். அருங்காட்சியகங்களில் ‘தொடாதீர்கள்’ என்ற பலகைகளுக்கு அடங்கிப் பழகிய கை முதலில் கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

சமையலறையில் ஒரு ஃபிரிட்ஜ் இருக்கிறது. எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய வகை. கைப்பிடியும் அதன் கனமும் கூட அப்படியே. பிடித்து இழுக்கும் அந்த ஒரு நொடியில் முகத்தில் குளிர்காற்று படும் என்று உடல் தன்னையறியாமல் எதிர்பார்க்கிறது. கதவு திறக்கிறது, தட்டுகள் இல்லை, பால் இல்லை, ஓர் ஆள் நடந்து போகும் அளவுக்கு வெண்மையாக ஒளிரும் பாதை ஒன்று நீள்கிறது. உடல் எதிர்பார்த்ததற்கும் கண் பார்த்ததற்கும் இடையிலுள்ள அந்தச் சிறு இடைவெளியில்தான் வியப்பு பிறக்கிறது. அந்தப் பாதை நம்மை வேற்றுலகப் பயணங்களை விற்கும் ஒரு கற்பனை நிறுவனத்தின் அலுவலகத்தில் கொண்டுபோய் விடுகிறது. அந்த அறையும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நான் அதில் அதிக நேரம் செலவிடாமல் மீண்டும் சமையலறைக்கு வந்து, புதிதாக வருகிறவர்கள் அந்தக் கதவைத் திறக்கும்போது அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிறுவர்கள் யோசிக்காமல் உள்ளே ஓடினார்கள். பெரியவர்களில் சிலர் கதவை மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தார்கள்.

இதே உத்தி வீடு முழுவதும் வெவ்வேறு விதங்களில் கையாளப்படுகிறது. துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் புகுந்தால் அது ஒரு சறுக்குமரம். வரவேற்பறையின் கணப்பிடத்துக்குள் தவழ்ந்தால் ஒளிரும் எலும்புகளோடு தொல்யானை ஒன்றின் கூடு நிற்கும் குகை. விலா எலும்பைத் தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் தருகிறது. முன்பின் அறியாதவர்கள் ஆளுக்கொரு எலும்பாகத் தட்டி, சில நிமிடங்களில் ஏதோ ஒரு தாளத்துக்கு வந்து சேர்வது நடக்கிறது. இன்னோர் அறையில் புகைமூட்டத்தின் நடுவே லேசர் கதிர்களே நரம்புகளாக அமைந்த யாழ். கதிரைக் கையால் மறித்தால் ஒலி எழுகிறது. சாப்பாட்டு அறையில் தரையும் சுவரும் கல் விழுந்த குளத்து நீரைப் போல நெளிந்திருக்கின்றன. ஒரு சமையலறை முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியமாகவே வரையப்பட்டிருக்கிறது. இவற்றுள் எல்லாமே ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். பின்பகுதி அறைகள் சில, நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் பங்கேற்ற படைப்பில் எதிர்பார்க்கக்கூடியபடி, அவரவர் தனிக் காட்சியறைகளாக நிற்கின்றனவே தவிர வீட்டின் கதையோடு ஒட்டவில்லை.

இந்த இடம் உருவான விதத்தைத் தெரிந்துகொண்டு போனால் ரசனை கூடும். 2008-இல் சாண்டா ஃபேயின் இளம் கலைஞர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய குழு இது. ஒரு தொப்பிக்குள் துண்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுத்த இரண்டு சொற்களே குழுவின் பெயராயின. பிறர் கழித்துப் போட்ட பொருள்களைப் பொறுக்கி வந்து அறைகளை நிரப்புவதில் தொடங்கியவர்கள், 2011-இல் அதே ஊரின் சமகாலக் கலை மையத்தில், பார்வையாளர் ஏறி உலவக்கூடிய பெரிய கப்பல் ஒன்றைக் கட்டினார்கள். அடுத்து அவர்கள் கேட்டது, சில வாரங்களில் கலைத்துவிட வேண்டிய இடத்தை அல்ல, நிரந்தரமான ஒன்றை. மூடிக்கிடந்த சில்வா லேன்ஸ் என்ற பௌலிங் கூடத்தை அவ்வூர்வாசியான எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் விலைக்கு வாங்கிக் குழுவுக்கு வாடகைக்குக் கொடுத்தார். திறந்த முதல் ஆண்டிலேயே சுமார் 4 லட்சம் பேர் வந்தார்கள். சாண்டா ஃபே நகரத்தின் மக்கள்தொகையைப் போல அது பல மடங்கு.

பொறுக்கிச் சேர்த்த அந்தப் பழக்கத்தின் தடம் இன்றும் சுவர்களில் இருக்கிறது. ஒளிரும் காட்டின் மரங்களை அருகில் போய்ப் பார்த்தால், அவை கையால் செதுக்கி, ஒட்டி, வண்ணம் பூசியவை என்பது மறைவதில்லை. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் 2003-இல் ஒலாஃபர் எலியாசன் அமைத்த செயற்கைச் சூரியனை நினைத்துப் பார்க்கலாம். அரைவட்டமாக அடுக்கிய ஒற்றை நிற விளக்குகளும், கூரை முழுவதும் விரித்த கண்ணாடியும், கொஞ்சம் புகையும்தான் அதன் சரக்கு. சூரியனுக்குப் பின்னால் நடந்து போய் விளக்குகளையும் கம்பிகளையும் பார்க்க அவர் வழிவிட்டிருந்தார். அதன் பிறகும் மக்கள் தரையில் மல்லாந்து படுத்துக் கூரையில் தங்கள் பிம்பத்தைத் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். செய்யப்பட்ட விதம் தெரிந்த பிறகும் மயக்கம் கலையாதிருப்பதே இந்தக் கலையின் உரைகல் என்றால், சாண்டா ஃபே வீடு அதில் தேறுகிறது.

கதையில்தான் எனக்கு மனக்குறை. செலிக் குடும்பத்தின் சிறுவன் லெக்ஸுக்கு என்ன ஆயிற்று, வீட்டைக் கண்காணிக்கும் மர்ம அமைப்பு எது என்பவை நாட்குறிப்புகளிலும் கடிதங்களிலும் கணினித் திரைகளிலும் காணொளிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. கவனமாகப் படித்தால் மகனை இழந்த ஒரு குடும்பத்தின் துயரம் மெல்லத் துலங்குகிறது. விளையாட்டுக் கூடம்போல் தோன்றும் ஓர் இடத்தின் அடியில் இத்தனை கனமான ஒன்றை வைத்த துணிச்சல் பாராட்டுக்குரியது. ஆனால் அந்தத் துயரம் பெரும்பாலும் காகிதத்தில் இருக்கிறது, அறைகளில் இல்லை. சறுக்கி இறங்கி எலும்பைத் தட்டி மகிழ்ந்து போகிறவர், லெக்ஸ் என்ற பெயரையே அறியாமல் வெளியேறிவிட முடியும். வாசகருக்கு ஒரு படைப்பு, விளையாடுகிறவருக்கு வேறொரு படைப்பு என்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஃபிரிட்ஜ் கதவு ஒரு சொல்லும் இல்லாமல் செய்வதை, அந்த நாட்குறிப்புகள் பல பக்கங்களில் செய்ய வேண்டியிருக்கிறது. எழுத்துக்கும் இடத்துக்கும் உள்ள இந்த இடைவெளி அடைபட்டிருந்தால், இந்த வீட்டைப் பற்றித் தயக்கமின்றி மகத்தானது என்று எழுதியிருப்பேன்.

கதையே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் இருக்கிறார்கள். 2001-இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட டீம்லேப் குழுவின் ‘பார்டர்லெஸ்’, 2018-இல் டோக்கியோவின் ஒடைபாவில் திறக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் அசாபுதாய் ஹில்ஸில் புது இடத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே பூக்களும் நீர்வீழ்ச்சிகளும் அறைகளுக்கிடையே இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். படிக்கக் கடிதமும் இல்லை, கண்டுபிடிக்க மர்மமும் இல்லை. அதே குழு டோக்கியோவின் டோயோசுவில் நடத்தும் ‘பிளானட்ஸ்’ என்ற தனி இடத்தில் வெறுங்காலோடு முழங்கால் அளவு நீரில் நடக்கும்போது கதையின் தேவை எழுவதுமில்லை, ஏனென்றால் வியப்பு நேரே உடம்பின் வழியாக வருகிறது. இந்த இரண்டு வகையிலும் சேராமல், புகழ்பெற்ற ஓவியங்களைச் சுவரில் பாய்ச்சிவிட்டு நாற்காலிகளைப் போட்டு வைக்கும் கூடங்கள் உலகெங்கும் பெருகியிருக்கின்றன. அவற்றில் கதையும் இல்லை, கைக்கும் காலுக்கும் வேலையும் இல்லை. அத்தகைய ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்து வைத்துக்கொள்வதே நல்லது.

மியாவ் வுல்ஃப் இப்போது சிறு குழுவல்ல. 2020-இல் அதன் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கும் அளவுக்கு அது நிறுவனமாகிவிட்டது. 2021 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் ‘ஒமேகா மார்ட்’, அதே ஆண்டு செப்டம்பரில் டென்வரில் ‘கன்வர்ஜென்ஸ் ஸ்டேஷன்’, பின்னர் டெக்சாஸ் மாநிலத்தில் இரண்டு இடங்கள் என்று வளர்ந்திருக்கிறது. இவற்றுள் ‘ஒமேகா மார்ட்’ சாண்டா ஃபேயின் பாடத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டது: பார்வைக்கு அது ஒரு சூப்பர் மார்க்கெட், அலமாரிகளில் உள்ளவை அபத்தமான பண்டங்கள், அவற்றில் சிலவற்றை விலை கொடுத்து வாங்கியும் போகலாம், குளிர்பானப் பெட்டியின் கதவுக்கு அப்பால் வேறோர் உலகம். நுகர்பொருள் வணிகத்தின் மீதான கேலியே கதையாகிவிடுவதால், படிக்காதவருக்கும் பாதியாவது போய்ச் சேர்கிறது. டென்வரில் நான்கு தளங்கள், நான்கு வேற்றுலகங்கள். நுழையும்போதே வேற்றுலகில் இருப்பதால், திரும்பி வந்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண அறை அங்கே இல்லை. அளவு பெருகும்போது முதலில் பலியாவது இந்தச் சாதாரணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சாண்டா ஃபேவுக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுப்பது நல்லது. வார நாளின் காலை நேரமே உகந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டால் குழந்தைகளின் ஆரவாரத்தில் காணொளிகள் காதில் விழா. மின்னும் விளக்குகளும் புகைமூட்டமும் ஒத்துக்கொள்ளாதவர்கள் போவதற்கு முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். தவழ விரும்பாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை, பல அறைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள ஊர் என்பதால், மாடிப்படிகளில் ஏறி இறங்கும்போது மூச்சு சற்று முன்னதாகவே வாங்கும். உள்ளே போனதும் காட்டை நோக்கி விரையாமல், தபால் பெட்டியில் தொடங்கி வீட்டின் கீழ்த்தளத்தை முழுமையாகப் பார்த்துவிட்டு, ஃபிரிட்ஜைக் கடைசியாகத் திறப்பவர்களுக்கே இந்த இடம் தன் முழு விலையையும் திருப்பித் தரும்.