பைத்தானோடு 14 வருடம்: அங்கே முடிவெடுத்தார்கள், இங்கே சீட்டு மாறியது

2011இல் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு எடைச்சீட்டு போடும் நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அப்போது கையில் இருந்தது பைத்தான் என்ற நிரல்மொழியின் 2.7 பதிப்பு. விவசாயி பெயர், விரலி மஞ்சளா கிழங்கு மஞ்சளா, எத்தனை மூட்டை, என்ன விலை, சுமைக்கூலி கழித்து மிச்சம் எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டு வரும். அவ்வளவுதான். அந்த நிரல் இன்றும் ஓடுகிறது.

பைத்தானைப் படிக்கலாமா, வேறு மொழியைவிட வேகமா என்பதற்கெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது வேறு. கொத்தனார் வேலை ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் ஒரு வீட்டில் 14 வருடம் குடியிருந்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி அனுபவம் இது. சுவரை எங்கே இடிப்பது என்று, பைத்தானை மாற்றியமைக்கும் பராமரிப்பாளர்கள் மாதக்கணக்கில் வாதாடுவார்கள். நமக்கு அது தெரியாது. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் குளியலறைக் கதவு இடம் மாறியிருக்கும்.

முதல் வலி 2.7லேயே இருந்தது. கந்தசாமி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. பைத்தான் 2இல் சாதாரணச் சரமாக (எழுத்துத் தொடராக) வைத்து நீளம் கேட்டால் 24 என்று சொல்லும். அது எழுத்தை எண்ணவில்லை, கணினி சேமிக்கும் பைட்டுகளை எண்ணுகிறது. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். சீட்டில் பெயருக்கு 20 இடம் ஒதுக்கியிருந்தேன். 20வது பைட்டோடு வெட்டியதில் கந்தசா என்று வந்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி உட்கார்ந்திருந்தது. மி என்பதில் மகரத்தின் கடைசி பைட் போய்விட்டது. அதோடு, தமிழ்ப் பெயரையும் யூனிகோடு சரத்தையும் தெரியாமல் ஒட்டினால் நிரலே நின்றுவிடும். தமிழ் எழுத்தின் முதல் பைட் எப்போதும் 224. பைத்தான் 2 அதை ஆஸ்கி என்ற பழைய ஆங்கில எழுத்து முறையில் படிக்கப் பார்க்கும்; அதற்கு 127க்கு மேல் கண் தெரியாது. அந்தப் பிழைச் செய்தியை அந்த வருடம் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

இதைச் சரிசெய்யத்தான் பராமரிப்பாளர்கள் 2008 டிசம்பரில் பைத்தான் 3.0ஐ வெளியிட்டார்கள். எழுத்து வேறு, பைட் வேறு என்று கறாராகப் பிரித்தார்கள். அதற்கு விலையாகப் பழைய நிரல்கள் பலவும் உடைந்தன. எல்லாரும் சில வருடத்தில் மாறிவிடுவார்கள் என்று நம்பினார்கள். யாரும் மாறவில்லை. 2015இல் முடிய வேண்டிய 2.7 ஆதரவை 2014இல் உட்கார்ந்து பேசி 2020 வரை நீட்டினார்கள். நானும் அந்த மாறாத கூட்டத்தில் ஒருவன். 2019 கடைசியில்தான் மாற்றினேன்.

மாற்றியபின் கந்தசாமியின் நீளம் 8 ஆனது. இன்னும் 5 ஆகவில்லை. புள்ளி, கால், கொக்கி எல்லாவற்றையும் தனித்தனிக் குறியாக எண்ணுகிறது. தமிழ் எழுத்துகளைக் கையாள மற்றவர்கள் எழுதி வைத்த ஓபன்-தமிழ் என்ற நிரல் நூலகத்தை இணைத்த பிறகுதான் உண்மையிலேயே எழுத்துக் கணக்கு வந்தது. சரி, ஒருவழியாக முடிந்ததே என்று இருந்தேன்.

அப்புறம்தான் கணக்கரிடம் இருந்து போன். "ஏனுங் தம்பி, ஒரு சீட்டுல கூலி சரியா வருதுங்க, இன்னொண்ணுல ஒரு ரூவா கொறையுதுங்க. மிசின்ல ஏதாச்சும் கோளாறுங்களா?"

மண்டி வழக்கம் சுலபமானது: ஐம்பது பைசா வந்தால் மேலே ஏற்று. பைத்தான் 2 அப்படித்தான் செய்தது. 62.50 என்றால் 63, 63.50 என்றால் 64. பைத்தான் 3 சரிபாதியாக வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 63.50 முன்போலவே 64. ஆனால் 62.50க்கு 62. பெரிய தொகுதியாகக் கூட்டும்போது ஒரே பக்கம் சாயாமல் இருக்கும் என்பது அதற்கான நியாயம். புள்ளியியல்படி அது சரியும்கூட. இதை ஒரு கணக்கரிடம் விளக்கிப் பாருங்கள். நான் விளக்கவில்லை. பைத்தானோடு கூடவே வரும் டெசிமல் என்ற மாட்யூலில் (நிரல் தொகுப்பில்) அரைக்கு மேலே ஏற்றும் விதியை வைத்துவிட்டு, "சரியாயிடுச்சுங்க அண்ணா" என்றேன். ஆவணத்தில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. படிக்காதது நான்.

இந்த 2–3 மாற்றம் பராமரிப்பாளர்கள் மனதில் பெரிய தழும்பாகவே நின்றுவிட்டது என்பது என் கணிப்பு. அதன் பிறகு அவர்கள் எடுத்த பெரிய முடிவு ஒவ்வொன்றிலும் அந்தப் பயம் தெரிகிறது. பயனராக எனக்கு அந்தப் பயத்தால் லாபம்தான்.

நடுவில் தலைமையே மாறியது. பைத்தானில் ஒரு மாற்றம் வேண்டுமென்றால் பெப் என்ற முன்மொழிவு ஆவணம் எழுத வேண்டும். கடைசிச் சொல் அப்போது மொழியை உருவாக்கியவரான கைடோ வான் ராசமுடையது. பெப் 572 ஒரு சின்ன விஷயம்: ஒரு கணக்கீட்டை எழுதும்போதே அதற்கு உள்ளேயே ஒரு பெயருக்கு மதிப்பை ஒதுக்க := என்ற குறி. அதற்காக நடந்த சண்டை அப்படியொரு சண்டை. ஏற்றுக்கொண்ட கையோடு, 2018 ஜூலை 12 அன்று, இனி முடிவெடுக்கும் வேலை எனக்கு வேண்டாம் என்று அவர் விலகினார். இரண்டு எழுத்துக்கு மேல் போகாத ஒரு குறிக்காகவா என்று அன்று சிரித்தேன். நானே ஒரு சின்னத் திறந்தமூல நூலகத்தைப் பராமரிக்க ஆரம்பித்த பிறகு சிரிப்பு வரவில்லை. முகம் தெரியாதவர்கள் நாள் முழுக்கத் திட்டுவதைப் படித்துவிட்டு ராத்திரி சோறு இறங்காது.

அவருக்குப் பதிலாக முடிவெடுக்க, 2019 பிப்ரவரியில் ஐந்து பேர் கொண்ட ஸ்டியரிங் கவுன்சிலைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் கவுன்சிலில் கைடோவும் இருந்தார். ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. எனக்கு நேரடியாகத் தெரிந்த மாற்றம் ஒன்றுதான்: 3.9இல் இருந்து வருடா வருடம் அக்டோபரில் புதிய பதிப்பு. சில வருடம் ஆயுத பூஜையை ஒட்டி வரும். இயந்திரத்தைத் துடைத்துப் பொட்டு வைக்கும் அந்தச் சமயத்தில் புதுப் பைத்தானை இறக்கி, பழைய நிரல்களை ஓட்டிப் பார்ப்பது எனக்கு இப்போது வழக்கமாகிவிட்டது.

அப்படி ஓட்டிப் பார்த்தும் கோட்டை விட்ட கதை உண்டு. அன்றைய மஞ்சள் விலையைப் பதிவேற்ற ஒரு சின்ன வலைப்படிவம் வைத்திருந்தேன். வலைப்படிவத்தில் நிரப்புவதை நிரலுக்கு வாங்கித் தரும் சிஜிஐ மாட்யூலில் எழுதியது. பெப் 594 என்ற முன்மொழிவு, உயிர்போன பழைய மாட்யூல்களை நீக்கிவிடலாம் என்றது. பராமரிக்க ஆள் இல்லை, யாரும் தொடுவதில்லை, எதற்கு வைத்திருக்க வேண்டும் என்பது வாதம். 3.11இல் எச்சரிக்கை வந்தது, 3.13இல் 19 மாட்யூல்கள் போயின. சிஜிஐயும் அந்தப் பட்டியலில். எனக்கு எச்சரிக்கை வராமல் இல்லை. நான் ஒருநாளும் திறக்காத லாக் ஃபைலில் இரண்டு வருடம் தினமும் விழுந்துகொண்டிருந்தது. எச்சரித்துவிட்டுத்தான் நீக்கினோம் என்று அவர்கள் சொன்னால் என்னால் பதில் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாட்யூல்களை நம்பியிருந்தவர்கள்தான் அந்த எச்சரிக்கையைப் பார்க்க வாய்ப்பே இல்லாதவர்கள். ஒருமுறை எழுதிவிட்டு மறந்துபோனவர்கள். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இன்னொன்றில் அவர்கள் பக்கம்தான் நான். உலகப் பொது நேரம் தரும் யுடிசி-நவ் என்ற கட்டளை 3.12இல் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது, இதையுமா என்று எரிச்சல் வந்தது. ஆனால் அது தரும் நேரத்தில் எந்த நேர மண்டலம் என்ற குறிப்பு இருக்காது. அதை அப்படியே நொடிக்கணக்காக மாற்றினால் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் சரியாக ஐந்தரை மணி நேரம் முன்னதாகக் காட்டும். என் பழைய பதிவுகளில் விடியற்காலையில் மஞ்சள் விற்றதாக ஏன் இருந்தது என்பது அன்றுதான் புரிந்தது.

எச்சரிக்கையே இல்லாமல் மாறியதும் உண்டு. 2022 செப்டம்பரில் 3.10.7 என்ற சின்னத் திருத்தப் பதிப்பில், 4300 இலக்கத்துக்கு மேற்பட்ட முழு எண்ணைச் சரமாக மாற்றினால் பிழை என்று வைத்தார்கள். ராட்சத எண்ணை அனுப்பிச் சர்வரைத் திணற வைக்கும் தாக்குதலுக்கு எதிரான தடுப்பு. கல்லூரியில் பாடம் எடுக்கும் நண்பர், 1இல் இருந்து 2000 வரை பெருக்கி விடையை அச்சிடும் பழைய பயிற்சியைச் செய்துகாட்டும்போது பிழை வந்து மாணவர்கள் முன் விழித்தாராம். பாதுகாப்பு என்று சொல்லித் திருத்தப் பதிப்பில் இப்படி நுழைப்பது முறையா என்று அப்போது பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வரம்பை மாற்றிக்கொள்ள வழி வைத்திருந்ததால் பிழைத்தோம்.

இதற்கு நேர் எதிர்க்கதை டைப் குறிப்புகளுடையது (எந்த இடத்தில் எந்த வகை மதிப்பு வரும் என்று நிரலில் எழுதி வைப்பவை). அவற்றை உடனே மதிப்பிடாமல் வெறும் சரமாக வைத்துக்கொள்வதை 3.10இல் இயல்பாக்குவதாக இருந்தார்கள். பைடான்டிக், ஃபாஸ்ட்ஏபிஐ போன்ற நூலகங்கள் அந்தக் குறிப்புகளை ஓடும்போதே படித்து வேலை செய்பவை; அவை உடைந்துவிடும் என்ற குரல் 2021 ஏப்ரலில்தான் பலமாக எழுந்தது. அந்தப் பதிப்பில் புது அம்சம் சேர்ப்பதை நிறுத்தச் சில வாரமே பாக்கி. கவுன்சில் நிறுத்தி வைத்தது. மாற்று ஏற்பாடு 3.14இல்தான் வந்து சேர்ந்தது, 2025 அக்டோபரில். நான்கரை வருடம். தாமதம் என்று சிலர் கேலி செய்கிறார்கள். ஃபாஸ்ட்ஏபிஐயில் வாடிக்கையாளர் வேலை பார்ப்பவன் என்ற முறையில், அந்தத் தாமதத்தின் அருமை எனக்குத் தெரியும்.

இப்போது சூடாக ஓடுவது ஜிஐஎல் என்ற பூட்டின் விவகாரம். மண்டியில் நாலு தராசு இருக்கிறது, நாலு பேர் நிறுக்கிறார்கள், ஆனால் சீட்டு எழுதப் பேனா ஒன்றுதான் என்று வையுங்கள். அந்தப் பேனாதான் ஜிஐஎல். பைத்தான் நினைவகத்தில் வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும், நிரலில் எத்தனை இடம் அதைப் பிடித்திருக்கிறது என்ற எண்ணிக்கை உண்டு. இரண்டு திரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் அதைத் திருத்தினால் கணக்கு கெடும். அதனால் ஒரு நேரத்தில் ஒருவர் என்று பூட்டு. எட்டு கோர் கணினி வாங்கினாலும் ஒரு கோருக்கான வேலைதான் நடக்கும். பூட்டை எடுக்க முன்பும் முயற்சி நடந்தது. 2016 வாக்கில் லாரி ஹேஸ்டிங்ஸ் முயன்றார். எடுக்க முடிந்தது, ஆனால் ஒற்றைத் திரெட் வேகம் படுத்துவிட்டது.

மெட்டாவில் இருந்த சாம் கிராஸ் எண்ணும் முறையையே மாற்றினார். பொருளை உருவாக்கிய திரெட் பூட்டில்லாமல் தன் கணக்கை வைத்துக்கொள்ளும். மற்றவர்களுக்குத் தனிக் கணக்கு. இதுதான் பெப் 703. கவுன்சில் 2023இல் ஏற்றபோது வைத்த நிபந்தனையைத்தான் நான் ரசித்தேன். முதலில் சோதனைப் பதிப்பு, அடுத்து விருப்பத்தேர்வு, எல்லாம் சரியாக வந்தால் மட்டும் இயல்பு. இன்னொரு பைத்தான் 3 கதை வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். 3.13இல் சோதனையாக வந்தபோது ஒற்றைத் திரெட் வேலை 40 சதவீதம்வரை மெதுவானது. 3.14இல் அது 5 முதல் 10 சதவீதம் என்ற அளவுக்கு இறங்கி, அதிகாரப்பூர்வ ஆதரவும் கிடைத்தது.

நானும் இறக்கிப் பார்த்தேன். பழைய சீட்டுகளை எல்லாம் படித்துக் கூட்டும் வேலையை நாலு திரெட்டில் விட்டால் நாலு கோரும் நிஜமாகவே சூடாகின. அடுத்து சி மொழியில் எழுதிய வழக்கமான நூலகம் ஒன்றை இணைத்தேன். ஒரு வரி எச்சரிக்கை வந்தது. பூட்டு மறுபடி மாட்டிக்கொண்டது. தனக்குப் பூட்டில்லாமல் ஓடத் தெரியும் என்று அறிவிக்காத அப்படிப்பட்ட எந்த நூலகத்தை இணைத்தாலும் இப்படித்தான். பாதுகாப்பான ஏற்பாடு. ஆனால் அந்த அறிவிப்பைக் கொடுக்கும் சுமை யார் தலையில்? பெரும்பாலும் சம்பளமில்லாமல் வேலை செய்யும் நூலகக்காரர்கள் தலையில். பூட்டோடு ஒன்று, பூட்டில்லாமல் ஒன்று என்று ஒவ்வொரு பதிப்புக்கும் இப்போது இரட்டைக் கட்டுமானம், இரட்டைச் சோதனை. பூட்டு வேண்டாம் என்று கூவிய நம்மில் எத்தனை பேர் அவர்களுக்குக் கை கொடுக்கிறோம்?

பணமும் இப்படியே ஊசலாடுகிறது. 3.11 சராசரியாக 25 சதவீதம் வேகமாக வந்ததில் மைக்ரோசாஃப்ட் சம்பளம் கொடுத்த குழுவுக்குப் பெரிய பங்கு. 2025 மே மாத ஆட்குறைப்பில் அந்தக் குழுவிலும் பலர் வேலை இழந்தார்கள். நான் ஒரு ரூபாயும் கொடுக்காமல் அந்த வேகத்தை அனுபவித்தவன். இப்போது வருடத்துக்கு ஒருமுறை பைத்தான் அறக்கட்டளைக்குச் சிறு தொகை அனுப்புகிறேன்.

எல்லாம் பேசிவிட்டு மண்டிக்கு வந்தால், கல்லாவில் இருப்பது விண்டோஸ் 7. அதில் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8, 3.9இல் இருந்து விண்டோஸ் 7 கிடையாது. 3.8க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன. இந்த இயந்திரத்தை இணையத்தில் இருந்து கழற்றி வைத்திருக்கிறேன். பிரிண்டரைப் புது விண்டோஸ் ஏற்குமா என்பதுதான் கணக்கரின் கவலை. "வரத்து கொறையட்டுங்க தம்பி, அப்புறம் மாத்திக்கலாம்" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.