பிளைட்டுக்கு முதல் நாள் நீர்கொழும்பா கொழும்பா? ஒரு திருமலைக்காரன்ட கணக்கு

திருமலையில இருந்து வெளிநாடு போற ஆக்கள் எல்லாருக்கும் ஒரே தலையிடிதான், வீடு இங்க, எயார்போர்ட் கட்டுநாயக்கவில. எங்கட சீனக்குடாவிலயும் ரன்வே இருக்குத்தான், ஆனா அதில ஏறி டோஹாவுக்கோ டொரண்டோவுக்கோ போக ஏலாது, அதால எப்பிடியும் கந்தளாய், ஹபரணை, தம்புள்ள, குருநாகல் எண்டு அந்தப் பக்கம் போய்ச் சேரத்தான் வேணும். இதில எங்கட சனத்துக்குப் பழக்கமானது ரெண்டு வழி. ஒண்டு, இரவு வான் பிடிச்சு நேர எயார்போர்ட்டுக்கு விடுறது, பிளாஸ்க்கில தேத்தண்ணி, டிபன் பெட்டியில இடியப்பம், வாசலில குடும்பமே நிண்டு அழுறது. மற்றது, ஒரு நாள் முதலே கொழும்புக்குப் போய் வெள்ளவத்தையில சொந்தக்காரர் வீட்டிலயோ லொட்ஜிலயோ நிண்டிட்டுப் போறது. நீர்கொழும்பு எண்டு ஒரு ஊர் எயார்போர்ட்டுக்குப் பக்கத்தில, பத்து கிலோமீட்டர் மட்டில இருக்கிறது எல்லாருக்கும் தெரியும், ஆனா அங்க போய் நிக்கிறதுக்கு யாருக்கும் தோணுறதில்ல. எனக்கும் தோணேல்ல, தற்செயலாத்தான் மாட்டுப்பட்டனான்.

மூண்டையும் நான் செய்து பாத்திட்டன், அதால எழுதுறன்.

முதல்ல தூரக் கணக்கு. கொழும்பு கோட்டையில இருந்து எயார்போர்ட் முப்பது கிலோமீட்டருக்கு மேல, அதுவும் வடக்குப் பக்கம். நாங்கள் வாறதும் வடகிழக்கில இருந்து. அப்ப குருநாகலில இருந்து கொழும்புக்குப் போறது எண்டா எயார்போர்ட் இருக்கிற மட்டத்தைத் தாண்டித் தெற்க போய் பிறகு திரும்பி வடக்க வாறது, மூக்கைத் தொடத் தலையைச் சுத்திக் கை கொண்டு போற வேலை. நீர்கொழும்புக்கு எண்டா குருநாகலில திரும்பி நாரம்மல, கிரியுல்ல வழியா இறங்கலாம், தென்னந்தோப்புக்குள்ளால போற ரோட்டு, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்.

சித்தி கனடாவுக்குப் போகேக்க கொழும்பு வழிதான் எடுத்தனாங்கள். வெள்ளவத்தையில ஒரு லொட்ஜ், மூண்டாம் மாடி, லிப்ட் பழுது, நாலு பெரிய சூட்கேஸ். ஒவ்வொண்டும் முப்பது கிலோ, அதுக்குள்ள மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் வடகமும். நானும் தம்பியும் தூக்கி ஏத்தி இறக்கினதில அடுத்த ரெண்டு நாள் முதுகு நிமிரேல்ல. சித்திக்கு விடிய பிளைட், இரவு வெளிக்கிட்டா காணும் எண்டு லொட்ஜ்காரர் சொன்னார், நம்பினம். 2013ல திறந்த அந்த ஹைவே நல்லாத்தான் இருக்கு, இருபத்தஞ்சு இருபத்தாறு கிலோமீட்டர், அரை மணித்தியாலத்துக்குள்ள வழுக்கிக் கொண்டு போயிடும், ஆனா அது துவங்குறது பேலியகொடயில, களனிப் பாலத்தடியில. வெள்ளவத்தையில இருந்து அந்தப் பாலத்தடிக்கு வாறதுக்குத்தான் ஒண்டே கால் மணித்தியாலம் போச்சுது. காலி வீதியில வெள்ளிக்கிழமை இரவு நிண்டவங்களுக்குத் தெரியும், சித்தி வானுக்குள்ள கந்தசஷ்டி கவசத்தை ரெண்டு தரம் முடிச்சிட்டா.

நீர்கொழும்பு கதை வேற மாதிரி. அத்தான் கத்தாரில இருந்து வாறார் எண்டு நானும் அம்மாவும் விடியக் காலமை எயார்போர்ட்டில போய் நிண்டா பிளைட் லேட், இரவு எட்டு மணிக்குத்தான் வரும் எண்டு போர்டில போட்டாங்கள். முழுப் பகல் இருக்கு. கொழும்புக்குப் போய் வருவமா எண்டு நான் கேட்க, வான் ஓட்டின அண்ணா சிரிச்சிட்டு, தம்பி இப்ப ஒபிஸ் ட்ராபிக், பேசாம மீகமுவவுக்குப் போவம், லெல்லம பாப்பம் எண்டார். மீகமுவ எண்டா சிங்களத்தில நீர்கொழும்பு, லெல்லம எண்டா மீன் சந்தை. மீன் பாக்க நாங்கள் திருமலையில இருந்து இங்க வரவேணுமா எண்டு அம்மா முணுமுணுத்தா, ஆனா வந்தா.

முதல்ல கோட்டைக்குத்தான் கூட்டிக் கொண்டு போனார். இதில ஒண்டை ஒழிக்காமச் சொல்லிப் போடுறன், கோட்டை பாக்க எண்டு நீர்கொழும்புக்குப் போனீங்களெண்டா ஏமாந்திடுவீங்கள். போர்த்துக்கேயர் கட்டினது, ஒல்லாந்தர் 1640ல பிடிச்சு, இழந்து, 1644ல திரும்பப் பிடிச்சு பிறகு திருத்திக் கட்டினது, 1796ல ஆங்கிலேயர் சண்டையே இல்லாம எடுத்தது. இவ்வளவு சரித்திரமும் இருக்கு, ஆனா இப்ப உள்ளுக்க இருக்கிறது ஜெயில். 1678 எண்டு வருசம் வெட்டின வாசல் வளைவு ஒண்டும் கொஞ்சச் சுவரும்தான் மிச்சம், வெளிய நிண்டு பாக்கலாம், அவ்வளவுதான். அம்மா ஒரு நிமிசம் பாத்திட்டு, "எங்கட கோட்டையில மானெண்டாலும் நிக்கும்" எண்டிட்டு வானில ஏறிட்டா. உண்மைதானே, பிரட்றிக் கோட்டை வாசலில ரெட்டைக் கயல் பொறிச்ச கல்லைப் பாத்து, மானுக்குப் பக்கத்தால நடந்து, மேல கோணேசர் கோயிலுக்குப் போய் அந்த மலை விளிம்பில நிண்டு கடலைப் பாக்கிற எங்களுக்கு ஒரு ஜெயில் வாசல் பெரிய விசயமா? ஆனா கொழும்புக் கோட்டை இதை விட மோசம், பேர் மட்டும்தான் கோட்டை, மதிலை ஆங்கிலேயர் 1870ஐ ஒட்டின காலத்திலயே இடிச்சுப் போட்டாங்கள், இப்ப அங்க பாங்கும் ஹோட்டலும் ரயில்வே ஸ்டேசனும்தான். கோட்டைப் போட்டியில ரெண்டும் தோல்வி, திருமலைதான் கப் எடுக்குது.

ஆனா கோட்டையைத் தாண்டிப் போனா நீர்கொழும்பு வேற முகம் காட்டும். களப்பு கடலைச் சந்திக்கிற இடத்தில லெல்லம, கடற்கரை முழுக்க கருவாடு விரிச்சுக் கிடக்கு, பாய் பாயா, வெள்ளிக்காசு கொட்டி விட்ட மாதிரி. காலமை போட்டுகள் வந்து ஏலம் போகுது. அங்க ஒரு வயசான ஐயா வலை பொத்திக் கொண்டிருந்தவர், நாங்கள் கதைச்சதைக் கேட்டிட்டு "எந்த ஊர் தம்பி" எண்டு தமிழில கேட்டார். திருமலை எண்டன். "கொட்பேயில எத்தின வருசம் கிடந்திருக்கிறன்" (அது எங்கட மீன்பிடித் துறைமுகம்) எண்டு துவங்கினவர் அரை மணித்தியாலம் விடேல்ல. தென்மேல் பருவக்காத்து துவங்கினா மேற்குக் கடல் கொந்தளிக்கும், அப்ப அந்தப் பக்கத்து ஆக்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடி, அதாவது கடற்கரைக் கொட்டில், போட்டுத் தொழில் செய்வாங்கள், மாரி துவங்கினா திரும்பிப் போவாங்கள், இது பரம்பரை பரம்பரையா நடக்கிற விசயம். (வாடிகளால எங்கட பக்கத்து மீனவருக்கு இருக்கிற மனக்குறையும் எனக்குத் தெரியும், அது வேற கதை, அந்த ஐயாவோட நான் அதைக் கதைக்கேல்ல.) நீர்கொழும்பு மீன்பிடிக் குடும்பங்களில வீட்டில தமிழ் கதைக்கிறவங்கள் இப்பவும் இருக்கிறாங்கள், எங்கட தமிழ் மாதிரி இல்ல, வேற ஒரு ராகம், ஆனா விளங்கும். கடற்கரைத் தெருவில மாரியம்மன் கோயில், ஊருக்குள்ள விஜயரத்தினம் இந்துக் கல்லூரி, இதெல்லாம் இருக்கிறதே எனக்கு அண்டைக்கு வரைக்கும் தெரியாது. எயார்போர்ட் ரோட்டில போற வாற ஊர் எண்டுதான் நினைச்சிருந்தன். அந்த எயார்போர்ட்டே ரெண்டாம் உலக யுத்த நேரம் ஆங்கிலேயர் விமானப்படைக்கு எண்டு போட்ட தளம்தான், அப்ப அதின்ட பேரும் நீர்கொழும்புதான். அதே யுத்தத்தில 1942 ஏப்ரலில கொழும்புக்கு அஞ்சாம் திகதியும் திருமலைக்கு ஒன்பதாம் திகதியும் யப்பான்காரன் குண்டு போட்டது எங்கட தாத்தாமார் சொல்லிச் சொல்லிக் கேட்ட கதை.

பின்னேரம் கால்வாய்ப் பக்கம் போட்டில ஒரு சுத்துப் போனம். ஒல்லாந்தர் கால்வாய் எண்டு சொல்லுவாங்கள், ஆனா இப்ப கொழும்புப் பக்கத்தில இருந்து வாற ஹமில்டன் கால்வாய் ஆங்கிலேயர் 1802ல துவங்கி வெட்டினது. கறுவா ஏத்தி இறக்கத்தான் இந்த ஓட்டமெல்லாம். நீர்கொழும்புக் காட்டுக் கறுவாவுக்காகத்தான் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அடிபட்டவங்கள். கொழும்பில அந்தக் கறுவாட ஞாபகம் கறுவாத்தோட்டம் எண்ட பேரில மட்டும் இருக்கு, இப்ப அங்க விளையிறது தூதரகமும் பணக்கார வீடும்.

சரி, கொழும்புக்கும் நியாயம் சொல்ல வேணும், இல்லாட்டி வெள்ளவத்தை மாமா என்னோட கதைக்க மாட்டார். சரித்திரம் எண்டு கால் நடையில பாக்கிறதுக்கு நீர்கொழும்பை விட புறக்கோட்டையும் கொட்டாஞ்சேனையும் எவ்வளவோ மேல. கொச்சிக்கடையில பொன்னம்பலவாணேசர் கோயில், முழுக்கக் கருங்கல், பொன்னம்பலம் இராமநாதன் கட்டுவிச்சது, உள்ளுக்க போனா வெளியில லொறி ஹோர்ன் அடிக்கிறதே கேக்காது, அப்பிடி ஒரு குளிர்ச்சி. செட்டியார் தெருவில நகைக்கடையும் கதிரேசன் கோயிலும். சிவப்பும் வெள்ளையுமா கோடு போட்ட பள்ளிவாசல், 1909ல கட்டி முடிச்சது. கொஞ்சம் மேட்டில ஏறினா ஒல்லாந்தர் 1757ல திறந்த வுல்வெண்டால் தேவாலயம், சுவர் அஞ்சு அடி தடிப்பு இருக்கும் போல. இதெல்லாம் ஒரு காலமைக்குள்ள நடந்தே பாத்திடலாம், கையில பொதி இல்லாட்டி. பொதியோட புறக்கோட்டைக்குள்ள போறதைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதீங்கோ, நாட்டாமிமார் தள்ளுற வண்டில் காலில ஏறும்.

சாப்பாட்டில சைவம் எண்டா கொழும்புதான், கேள்வியே இல்ல. வெள்ளவத்தையில தோசை, கொட்டாஞ்சேனையில நெய்ரொட்டி, எங்க போனாலும் தமிழில கேட்டு வாங்கலாம். அம்மா வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டா, நல்ல காலம் நாங்கள் நீர்கொழும்பில நிண்டது புதன், இல்லாட்டி பாணும் வாழைப்பழமும்தான். மச்சம் சாப்பிடுறவங்களுக்கு மறுவளம், களப்பு இறாலும் நண்டும் நீர்கொழும்பில தின்ன வேணும், ஆனா ஏத்துக்கால பக்கம் வெள்ளைக்காரருக்கு எண்டு போட்ட கடையில இல்ல, டவுனுக்குள்ள பஸ் ஸ்டாண்டடியில சோறு கறி போடுற கடையில.

கடல் குளிக்க எண்டு யாரும் போகாதீங்கோ. நிலாவெளியில முழங்கால் தண்ணியில காலைப் பாத்துக் கொண்டு நிக்கிற எங்களுக்கு அந்த மண்ணிறத் தண்ணி பிடிக்காது, வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் அலையும் மோசம். ஒண்டு மட்டும் நல்லது, கார்த்திகை மார்கழியில எங்கட பக்கம் மழையும் காத்துமா கடல் கறுத்துக் கிடக்கேக்க அங்க கடல் அமைதியா இருக்கும். அந்த மாதத்தில பிளைட் எண்டா பின்னேரம் கடற்கரையில இருக்கிறது சுகம்தான்.

ரெண்டு ஊரிலயும் தேவாலயங்களுக்குப் போனனாங்கள். நாங்கள் சைவம், எண்டாலும் அம்மா கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தாம கொழும்பை விட்டு வரமாட்டா. நீர்கொழும்பில சந்திக்குச் சந்தி மாதா சுருவம், சின்ன ரோமாபுரி எண்டு சும்மா சொல்லேல்ல. கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் தேவாலயத்தில அம்மா கனநேரம் பேசாம இருந்தா. 2019 ஏப்ரல் 21, அங்கயும் கொச்சிக்கடையிலயும் எங்கட கிழக்கில மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலயும் ஒரே காலமை குண்டு வெடிச்சது. ஒப்பீடு செய்ய வந்த எனக்கு அந்த இடத்தில ஒப்பிட ஒண்டும் இருக்கேல்ல.

கொச்சிக்கடை எண்டதும் ஒரு எச்சரிக்கை. நீர்கொழும்புக்கு வடக்கையும் கொச்சிக்கடை எண்டு ஒரு டவுன் இருக்கு! எங்கட பெரியப்பா அந்தோனியார் கோயிலுக்கு எண்டு போனில மேப் போட்டு கொச்சிக்கடை எண்டு அமத்த, அது அவரைக் கொண்டு போய் மகா ஓயாப் பக்கம் விட்டிட்டுது.

இரவு வான் வழியைப் பற்றி ரெண்டு வரி. ஆள் ஏத்தப் போறதுக்கு அது சரி, காசு மிச்சம், லொட்ஜ் வேண்டாம். ஆனா வயசான ஆக்களோட, அதுவும் பிளைட் ஏறப் போற நாள், வேண்டவே வேண்டாம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில இரவில யானை றோட்டுக்கு வந்தா அது போற வரைக்கும் நிக்கத்தான் வேணும், ஹோர்ன் அடிச்சு அவசரப்படுத்த ஏலாது.

அப்ப என்ர கணக்கு இதுதான். விசா, தூதரகம், நகை, சாரி, பிள்ளைகளுக்குத் தாமரைக் கோபுரமும் காலிமுகத்திடல் இறால் வடையும், இப்பிடி வேலை இருந்தா கொழும்பு, ஆனா அதை பிளைட்டுக்கு ஒரு கிழமை முதலே போய் முடிச்சிட்டு வாங்கோ. பிளைட்டுக்கு முதல் இரவு, பொதியோட, வயசான ஆக்களோட எண்டா நீர்கொழும்பு, யோசிக்கவே வேண்டாம். இரவு பத்து மணிக்கும் ஆறுதலாக் குளிச்சு சாப்பிட்டு ஒரு ஓட்டோவிலயே எயார்போர்ட் போகலாம் எண்டுற நிம்மதிக்கு விலை இல்ல. போன மாதம் தம்பி டுபாய் போகேக்க அப்பிடித்தான் செய்தனாங்கள், ஒரு பிரச்சினையும் இல்ல, அம்மா ரெண்டு கிலோ கட்டாக் கருவாடு வாங்கினது மட்டும் வான் முழுக்க திருமலை மட்டும் மணத்துக் கொண்டு வந்தது.

பஸ்ஸில போறவங்களுக்கு கடைசியா ஒண்டு. திருமலையில 49ம் நம்பர் கொழும்பு பஸ்ஸில ஏறி குருநாகலில இறங்கி மற்ற பஸ் எடுக்கேக்க நீர்கொழும்பு எண்டு கேட்டிடாதீங்கோ. சத்தத்துக்குள்ள அவங்களுக்குக் கடைசிப் பாதி மட்டும்தான் கேக்கும், கொழும்பு பஸ்ஸில ஏத்தி விட்டிடுவாங்கள், பிறகு வறக்காபொலயில தான் தெரியவரும். மீகமுவ எண்டு கேளுங்கோ.