ரஸ்ட்டின் சிஸ்ட்ரிங், சி-ஸ்டர்: எல்லையில் நம்பி நிற்கலாமா?

சி மொழியில் ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் ஸ்டர்டூப் என்றொரு ஃபங்ஷன், சூழல் மாறியின் மதிப்பைத் தரும் கெட்என்வ் என்றொரு ஃபங்ஷன். இரண்டும் திருப்பித் தருவது ஒரே வகைதான், சார் பாயிண்டர், அதாவது எழுத்துகள் தொடங்கும் மெமரி முகவரி. ஆனால் முதலாவது தருவதை நாம் ஃப்ரீ செய்தே (மெமரியை விடுவித்தே) ஆக வேண்டும், இரண்டாவது தருவதில் கை வைக்கவே கூடாது. இந்த வித்தியாசத்தை வகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை, மேன் பேஜை, அதாவது அந்த ஃபங்ஷனின் ஆவணத்தை, திறந்து படித்தால்தான் உண்டு. சி-யில் ஸ்ட்ரிங் தொடர்பாக வரும் பக்குகளில் கணிசமான பங்கு இங்கிருந்துதான் கிளம்புகிறது: யாரும் ஃப்ரீ செய்யாமல் விட்டது, இரண்டு பேர் ஃப்ரீ செய்தது, ஃப்ரீ செய்த பிறகும் படித்தது. ரஸ்ட் என்ற நிரல் மொழியின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இருக்கும் சிஸ்ட்ரிங், சி-ஸ்டர் என்ற ஜோடி இதை எவ்வளவு தூரம் தீர்க்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சி லைப்ரரிகளுக்கு ரஸ்ட்டில் ரேப்பர், அதாவது மேலே போர்த்தும் கோட், எழுதுகிற வேலையில் இந்த இரண்டோடும்தான் என் பொழுது போகிறது, அதனால் நல்லது கெட்டது இரண்டையும் பேசலாம்.

அடிப்படை சுலபம். ரஸ்ட்டின் சொந்த ஸ்ட்ரிங் என்பது பாயிண்டர், நீளம், கொள்ளளவு என்ற மூன்றும் சேர்ந்தது, 64-பிட் மெஷினில் 24 பைட். முடிவில் பூஜ்ய பைட் கிடையாது. சி-க்கோ அந்தப் பூஜ்யம் இல்லாவிட்டால் எங்கே முடிகிறது என்றே தெரியாது. அதனால் சி-யிடம் கொடுப்பதற்கென்று தனி வகை. சிஸ்ட்ரிங் என்றால் மெமரி நம்முடையது, நாம்தான் விடுவிக்க வேண்டும். சி-ஸ்டர் என்றால் வேறொருவருடையது, பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். ஸ்டர்டூப்புக்கும் கெட்என்வுக்கும் இல்லாமல் போன வித்தியாசம் இங்கே வகையிலேயே வந்துவிட்டது, கம்பைலரே பிடித்துக்கொள்கிறது.

இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மாதிரி ஒரு நிஜ லைப்ரரியைத் தொடும்போதுதான் தெரியும். அதில் sql என்று முடியும் இரண்டு ஃபங்ஷன்களை, அதாவது எஸ்க்யூலைட்3_எஸ்க்யூஎல், எஸ்க்யூலைட்3_எக்ஸ்பேண்டட்_எஸ்க்யூஎல் என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது நாம் எழுதிய வினவலை அப்படியே தருகிறது, அந்த மெமரி எஸ்க்யூலைட்டுக்குச் சொந்தம், ஸ்டேட்மென்ட்டை (தயார் செய்த வினவலை) ஃபைனலைஸ் செய்யும்போது அதுவே போய்விடும். இரண்டாவது, கேள்விக்குறிகளின் இடத்தில் மதிப்புகளை நிரப்பிப் புதிதாக ஒரு ஸ்ட்ரிங் உண்டாக்கித் தருகிறது, அதை நாம்தான் எஸ்க்யூலைட்3_ஃப்ரீ கொண்டு விடுவிக்க வேண்டும், சாதாரண ஃப்ரீ கூடாது. பெயரில் ஒரு சொல் கூடுதல், கடமை தலைகீழ். ரஸ்ட் ரேப்பரில் முதலாவதற்கு, ஸ்டேட்மென்ட்டைக் கடன் வாங்கி (உரிமை எடுக்காமல் பார்க்க மட்டும் வாங்கி) சி-ஸ்டர் தரும் மெத்தட் எழுதிவிடுகிறேன், ஸ்டேட்மென்ட் செத்த பிறகு அதை யாராவது படிக்கப் பார்த்தால் கம்பைலே ஆகாது. இரண்டாவதற்கு ஒரு சின்ன ஸ்ட்ரக்ட், அதன் டிராப்பில், அதாவது அது அழியும்போது ஓடும் கோடில், எஸ்க்யூலைட்3_ஃப்ரீ. ஒருமுறை கவனமாக ஆவணத்தைப் படித்து எழுதியாகிவிட்டால், ரேப்பரை அதற்குப் பிறகு பயன்படுத்துகிறவர் அந்த ஆவணத்தைத் திறக்கவே வேண்டாம்.

இனி குறைகள். எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம், சிஸ்ட்ரிங்கின் முகவரியை வெறும் பாயிண்டராகத் தரும் ஆஸ்_பிடிஆர் என்ற மெத்தட். பார்க்க அப்பாவியாக இருக்கிறது, அன்சேஃப் (கம்பைலர் காக்காது, நாமே பொறுப்பு) என்ற சொல்கூட அதன் மேல் இல்லை. ஆனால் சிஸ்ட்ரிங்கை உருவாக்கி, அன்ராப் செய்து (பிழையில்லை என்று வெளியே எடுத்து), அதே வரியில் ஆஸ்_பிடிஆர் கூப்பிட்டு, கிடைத்ததை ஒரு வேரியபிளில் வைத்தால் என்ன ஆகும்? அந்த வரியின் அரைப்புள்ளியிலேயே சிஸ்ட்ரிங் அழிந்துவிடும், கையில் இருப்பது செத்த முகவரி. அடுத்த வரியில் அதை சி-யிடம் கொடுக்கிறோம். ரஸ்ட்டின் கடன் விதிகளெல்லாம் ரெஃபரன்ஸுக்குத்தான், வெறும் பாயிண்டர் ஆனவுடன் அந்தக் காவல் முடிந்தது. இதற்கென்றே ஒரு லின்ட் (கம்பைலரின் எச்சரிக்கை விதி) சேர்த்தார்கள், ரஸ்ட் 1.84-இல் அது இன்னும் விரிவாகி வேறு பல வகைகளின் தற்காலிக மதிப்புகளுக்கும் எச்சரிக்கிறது, நல்ல விஷயம். ஆனால் ஆப்ஷனுக்குள் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற வகை) ஒரு சிஸ்ட்ரிங் இருந்து, அதன் மேல் மேப் போட்டு உள்ளே ஆஸ்_பிடிஆர் எழுதினால், க்ளோஷர், அதாவது மேப்புக்குக் கொடுத்த சிறு ஃபங்ஷன், அந்த சிஸ்ட்ரிங்கை உரிமையோடு வாங்கிக்கொண்டு முடியும்போது அழித்துவிடுகிறது. இது தற்காலிக மதிப்பு அல்ல என்பதால் அந்த லின்ட்டின் பார்வையில் படாது. மேப்புக்கு முன்னால் ஆஸ்_ரெஃப் (உரிமைக்குப் பதில் கடன்) போட்டால் சரியாகிவிடும், ஒரே ஒரு சொல்தான். கோட் ரிவ்யூவில் மேப்பும் ஆஸ்_பிடிஆரும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தாலே நான் நிறுத்திப் படிப்பேன்.

ஒரு ஆறுதல் உண்டு. சிஸ்ட்ரிங் அழியும்போது தன் முதல் பைட்டைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் போகிறது. தவறான கோட் தற்செயலாக ஓடிவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். அதனால் சி பக்கம் போன ஸ்ட்ரிங் காரணமில்லாமல் காலியாகவோ குப்பையாகவோ வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பல மணி நேரம் வேறெங்கோ தேடாமல் மிச்சம்.

அப்புறம் இன்டூ_ரா, ஃப்ரம்_ரா. உரிமையையே சி-யிடம் கொடுத்துவிட்டுப் பிறகு திரும்ப வாங்குவதற்கான வழி. ஆவணம் தெளிவாகச் சொல்கிறது: இன்டூ_ரா தந்ததை ஃப்ரம்_ராவிடமே திருப்ப வேண்டும், சி-யின் ஃப்ரீயிடம் கொடுக்கக் கூடாது. இதில் ஆபத்து என்னவென்றால், லினக்ஸில் ஃப்ரீயிடம் கொடுத்தாலும் பெரும்பாலும் எதுவும் ஆகாது. 2019 ஜனவரியில் வந்த 1.32-இலிருந்து ரஸ்ட் இயல்பாக சிஸ்டத்தின் மேலாக்கையே (மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) பயன்படுத்துவதால் பிசகு வெளியே தெரிவதில்லை. என்றைக்கோ ஒருநாள் யாராவது வேகத்துக்காக ஜெமேலாக்கையோ மிமேலாக்கையோ குளோபல் அலகேட்டராக, அதாவது நிரல் முழுவதற்குமான மெமரி ஒதுக்கியாகப் போடுவார்கள், அன்றைக்கு ஹீப் (ஒதுக்கிய மெமரிப் பகுதி) சிதையும், தொட்ட கோடுக்கும் கிராஷுக்கும் சம்பந்தமே இருக்காது. ஆகவே சி-க்கு ஸ்ட்ரிங் தரும் எந்த ரஸ்ட் லைப்ரரியும் விடுவிப்பதற்கென்று தன் சொந்த ஃபங்ஷனையும் சேர்த்தே தர வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. இன்னொன்று, ஃப்ரம்_ரா நீளத்தை மறுபடி எண்ணித்தான் கண்டுபிடிக்கிறது. நடுவில் சி பக்கம் ஸ்ட்ரிங்கைத் துண்டாக்கும் ஸ்டர்டோக் போட்டு உள்ளே ஒரு பூஜ்யத்தை எழுதிவிட்டால் நீளம் குறைந்து தெரியும், தவறான அளவோடு விடுவிக்கப்படும். கொடுத்த ஸ்ட்ரிங்கின் நீளத்தை சி மாற்றக் கூடாது என்பதை உங்கள் ஹெடர் ஃபைலின் கமென்ட்டிலேயே எழுதிவையுங்கள்.

சி-யிலிருந்து இந்தப் பக்கம் வரும்போது, பாயிண்டரை சி-ஸ்டராக்கும் ஃப்ரம்_பிடிஆர். இது அன்சேஃப், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அது தரும் சி-ஸ்டரின் ஆயுட்காலத்துக்கு எந்தக் கட்டும் இல்லை, கூப்பிடுகிறவர் ஸ்டாட்டிக் (நிரல் முடியும்வரை வாழும்) என்று கேட்டால் ஸ்டாட்டிக்கே கிடைக்கும். ஆயுளைக் கட்டிப்போடுவது நம் ஃபங்ஷனின் சிக்னேச்சர் வேலை. உடனே ஒரு நகல் எடுத்துக்கொள்வது எவ்வளவோ மேல், அளவிட்டுப் பார்த்து நகல்தான் வேகத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்தால் மட்டும் கடன் வாங்கும் வடிவத்துக்குப் போகலாம்.

தமிழ் உரையோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு விஷயம். 'தமிழ்' என்ற சொல் யூடிஎஃப்-8-இல் 15 பைட், நடுவில் பூஜ்யம் எதுவும் வராது, அதனால் சிஸ்ட்ரிங் சிக்கலின்றி ஏற்றுக்கொள்ளும். பிரச்சினை திரும்பி வரும் வழியில். டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் இருந்த உரையை மாற்றாமல் அப்படியே டேட்டாபேஸில் கொட்டியிருந்தால், சி-ஸ்டரை ரஸ்ட் ஸ்ட்ரிங்காகப் படிக்கும் டூ_ஸ்டர், அது யூடிஎஃப்-8 இல்லை என்பதால் பிழை தந்து நிறுத்திவிடும். டூ_ஸ்ட்ரிங்_லாஸி நிறுத்தாது, புரியாத பைட்டுகளுக்குப் பதிலாக அந்தக் கறுப்பு டைமண்ட் கேள்விக்குறியைப் போட்டு ஒரு ஸ்ட்ரிங்கைத் தந்துவிடும். திரையில் காட்ட மட்டும் என்றால் சரி. அதையே திரும்ப எழுதிவிட்டால் மூல எழுத்துகள் போயே போய்விட்டன, மீட்க வழியில்லை. சேமிக்கப் போகிற தரவில் லாஸி வேண்டாம்.

விலை என்று பார்த்தால், சிஸ்ட்ரிங் உருவாக்கும் ஒவ்வொரு முறையும் முழு ஸ்ட்ரிங்கையும் நடுவில் பூஜ்யம் இருக்கிறதா என்று தேடுகிறது, கடன் வாங்கிய ஸ்ட்ரிங் என்றால் நகலும் எடுக்கிறது. நடுவில் பூஜ்யம் இருந்தால் எந்த இடத்தில் என்று சொல்லிப் பிழை தருகிறது, இது எனக்குப் பிடிக்கும். சி-யாக இருந்தால் சத்தமில்லாமல் பாதியில் வெட்டியிருக்கும். நிலையான ஸ்ட்ரிங்குகளுக்கு 2024 மார்ச்சில் வந்த 1.77 நல்ல தீர்வு தந்தது: மேற்கோள் குறிக்கு முன்னால் சி என்ற எழுத்தைப் போட்டால் போதும், கம்பைல் நேரத்திலேயே சி-ஸ்டர் தயார், அலகேஷன் இல்லை. நீளத்தையும் சேர்த்துக் கேட்கும் சி ஃபங்ஷன் என்றால் சிஸ்ட்ரிங்கே தேவையில்லை. எஸ்க்யூலைட்டின் பைண்ட்_டெக்ஸ்ட் அப்படித்தான், பாயிண்டரும் பைட் எண்ணிக்கையும் கொடுத்துவிட்டு, கடைசியில் டிரான்சியன்ட் என்று சொன்னால் அது தனக்கென்று நகல் எடுத்துக்கொள்ளும், நம் ஸ்ட்ரிங் நம்மிடமே. அங்கே ஸ்டாட்டிக் (நகல் வேண்டாம், ஸ்ட்ரிங் அப்படியே இருக்கும்) என்று போட்டுவிட்டு ஸ்ட்ரிங்கை அழிய விட்டால் மேலே சொன்ன அதே வம்புதான்.

ராஸ்பெர்ரி பை, ஆண்ட்ராய்டு போன்ற ஏஆர்எம் சாதனங்களுக்கு எழுதுகிறவர்கள் பாயிண்டர் வகையை ஐ8 (குறியுள்ள 8-பிட் எண்) என்று கையால் எழுதாதீர்கள், சி_சார் என்றே எழுதுங்கள். லேப்டாப்பின் எக்ஸ்86-இல் சி_சார் குறியுள்ள வகை (எதிர்ம எண்ணும் ஏற்கும்), இந்தச் சாதனங்களில் குறியற்றது. இது கம்பைல் பிழையாகவே வந்து நிற்கும் என்பதால் பயப்பட வேண்டியதில்லை. மெமரி பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் என்ற கருவியைத்தான் நான் கைவிடச் சொல்ல மாட்டேன். சிஸ்டம் அலகேட்டரோடு ரஸ்ட் நிரலையும் சி லைப்ரரியையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கிறது, ஃப்ரம்_ராவுக்குத் திரும்பி வராமல் போன ஸ்ட்ரிங்கை எந்த வரியில் உருவாக்கினோம் என்பது வரை காட்டிக்கொடுக்கிறது. கம்பைலர் அதைச் சொல்லாது, மெமரி கசிவு ரஸ்ட்டின் விதிப்படி தவறே இல்லை.