புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு ஊர்ப் பயணம்: எது கிடைக்கும், எதைக் கொண்டுபோக வேண்டும்

சென்னையானாலும் மதுரையானாலும் மெடிக்கல் கடையில் ஆபரேஷனுக்குப் பின் வரும் சிறுநீர்க் கசிவுக்கு ஆண்களுக்கான பேட் கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது பெரியவர்கள் டயப்பர்தான். இடுப்பளவு பார்த்து அது தாராளமாகக் கிடைக்கிறது. இரவு பஸ் பயணத்துக்குச் சரி. ஆனால் இருமும்போதும் எழும்போதும் மட்டும் சில சொட்டு விழுகிறவருக்கு மே மாத வெயிலில் அது தண்டனை. முன்பக்கம் குவிந்த சின்ன பேடைப் புறப்படும் ஊரிலேயே வாங்கிவிடுங்கள். நாளுக்கு வழக்கமாக மாற்றுவதைவிட இரண்டு கூட்டிக் கணக்கிட்டு, இரண்டு நாளுக்கானதைக் கைப்பையில் வையுங்கள். பட்டாபட்டிக்குள் பேட் நிற்காது, நழுவி ஓரத்தில் ஒழுகும். வேட்டி கட்டினாலும் உள்ளே இறுக்கமான ஜட்டி வேண்டும்.

காண்டம் கதீட்டர் (ஆணுறை போல ஆண்குறியில் மாட்டி, சிறுநீரைக் குழாய் வழியாகப் பையில் சேர்க்கும் உறை) வேண்டுமென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அருகிலுள்ள சர்ஜிக்கல் கடைதான். மலிவானவை பெரும்பாலும் லேடெக்ஸ். ஒவ்வாமை உள்ளவர் சிலிக்கானைக் கேட்டு வாங்க வேண்டும். 25, 30, 35 மி.மீ. என்று அளவுகள் உண்டு. இறுக்கமானால் வீங்கும், தளர்ந்தால் கழன்றுவிடும். முடியைக் கத்தரித்து, கழுவி, ஈரமில்லாமல் துடைத்த பிறகே மாட்டுங்கள். தேங்காய் எண்ணெயோ பவுடரோ பட்டால் ஒட்டாது. ஆண்குறி நுனிக்கும் குழாய்க்கும் இடையே 1 முதல் 2 செ.மீ. விடுங்கள்: ஒட்டியிருந்தால் உரசிப் புண்ணாகும், அதிகமானால் முறுக்கிக்கொண்டு சிறுநீர் தேங்கி உறையே பிடுங்கிக்கொள்ளும். உறையைப் பிடித்து நிறுத்தும் ஒட்டுப்பட்டையைச் சுருளாகச் சுற்றுங்கள். வளையமாக இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைபடும். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கட்டிலில் மாட்டும் 2 லிட்டர் பை எளிதில் கிடைக்கும். காலில் கட்டும் சிறிய பையைத் தேட வேண்டியிருக்கும்; அதையும் கொண்டுபோவதே மேல்.

குலதெய்வக் கோயிலில் தரையில் உட்கார்ந்து எழுவதுதான் பெரிய சோதனை. மூச்சை அடக்கி உந்தினால் வயிற்றழுத்தம் நேராகச் சிறுநீர்ப்பையில் இறங்கும். காற்றுப் பிரிவதை அடக்குவது போலத் தசையை முதலில் இறுக்கி, மூச்சை விட்டபடியே எழுங்கள்.

வழியில் கழிவறை இருக்காதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். அடர்ந்த சிறுநீர், சிறுநீர்ப்பையை எரிச்சலூட்டி அவசரத்தைக் கூட்டும். உறவினர் வீட்டுக்கு வீடு நீட்டும் காபியைக் குறைக்கலாம் (அவர்கள் கோபித்துக்கொண்டாலும்). நீண்ட தூரத்துக்குப் பஸ்ஸைவிட ரயில்தான் நல்லது, பெட்டியிலேயே கழிவறை உண்டு.

ஆண்கள் கழிவறையில் குப்பைத்தொட்டி அரிது. செய்தித்தாளும் ஜிப் கவரும் பையில் இருக்கட்டும். பேடைக் கழிப்பறைக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும். காய்ச்சலோ சிறுநீரில் ரத்தமோ வந்தால், சிறுநீர் திடீரென நின்றுபோனால், அன்றே யூராலஜிஸ்ட்டிடம் போங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு.