டைம்ஷிஃப்ட், குளோன்சில்லா, டார்: சிஸ்டம் படுத்தால் எது எழுப்பும்?

அப்டேட் முடித்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். திரை கறுப்பாகவே நின்றது. கிராஃபிக்ஸ் டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான புதிய கெர்னலோடு ஒத்துப்போகவில்லை. நிறுவாமலே ஓடும் லினக்ஸ் மின்ட் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, அதிலேயே இருக்கும் டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் கருவியைத் திறந்து, முந்தின நாள் சிஸ்டம் இருந்த நிலையின் நகலான ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பழைய டெஸ்க்டாப் அப்படியே வந்து நின்றது. அன்றிலிருந்து பேக்கப் கருவியை, பேக்கப் எடுப்பது எவ்வளவு வசதி என்பதை வைத்து நான் எடைபோடுவதில்லை. திரும்ப வைக்கும்போது எவ்வளவு படுத்தும் என்றுதான் பார்க்கிறேன்.

அந்தக் கணக்கில் டைம்ஷிஃப்ட் முதலிடம். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் முறையில் முதல் ஸ்னாப்ஷாட் மட்டும் முழு இடத்தையும் பிடிக்கும். அடுத்தடுத்தவற்றில் மாறாத கோப்புகளெல்லாம் ஹார்டு லிங்க்தான், அதாவது ஏற்கெனவே உள்ள அதே கோப்புக்கு இன்னொரு பெயர், அதனால் கூடுதல் இடம் கொஞ்சமே. ஆனாலும் ஒவ்வொன்றும் முழுமையான கோப்புறை. சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் ஈடிசி கோப்புறைக்குள் ஒரு கான்ஃபிக் கோப்பைக் கெடுத்துக்கொண்டால், அதை மட்டும் உள்ளே போய் எடுத்து வரலாம். சேமிக்கும் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பகுதி) எக்ஸ்ட்4 போன்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மட் செய்ததாக இருக்க வேண்டும். விண்டோஸுக்காக ஃபார்மட் செய்த பென் டிரைவ் உதவாது. லினக்ஸ் இருக்கும் டிஸ்க்கே பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் கிடைக்கும் பிடிஆர்எஃப்எஸ் முறை நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில்தான் கிடக்கும், டிஸ்க் போனால் அதுவும் போச்சு.

நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையை டைம்ஷிஃப்ட் தானாகச் சேர்க்காது. பலர் இதைக் குறையாக நினைத்து, செட்டிங்கில் போய் டிக் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். போன வார ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், நேற்று எழுதிய கடிதமும் போன வார நிலைக்குத் திரும்பிவிடும். சொந்தக் கோப்புகளுக்கு டேஜா டூப் போல வேறொரு பேக்கப் கருவியை வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கே செத்துப்போனால்? அங்கே குளோன்சில்லாதான். தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவானது. கணினியைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர், பார்ட்டிஷன் அட்டவணை உட்பட முழு டிஸ்க்கையும் இமேஜாக எடுக்கும். தெரிந்த ஃபைல் சிஸ்டங்களில் பயன்பட்ட பகுதியை மட்டுமே நகலெடுப்பதால், 500 ஜிபி டிஸ்க்கில் 60 ஜிபிதான் நிரம்பியிருந்தால் இமேஜும் சின்னதாகவே இருக்கும். தொல்லை என்னவென்றால், கணினியை நிறுத்தி, குளோன்சில்லாவிலேயே பூட் செய்துதான் எடுக்க முடியும். தினமும் யார் செய்வார்? அந்த இமேஜிலிருந்து ஒரே ஒரு கோப்பை எடுப்பதும் சுலபமில்லை. புதிய டிஸ்க் வாங்கும்போதும் கவனம் வேண்டும்: 500 ஜிபியில் எடுத்த இமேஜை 480 ஜிபி எஸ்எஸ்டியில் சாதாரணமாகப் போட முடியாது.

பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டும் டார் கட்டளை இவற்றுக்கெல்லாம் மூத்தது, 1979-லேயே யூனிக்ஸில் வந்துவிட்டது. கோப்பின் உரிமையாளர், அனுமதி விவரங்களையும் சேர்த்தே கட்டி வைக்கும். அது ரொம்ப முக்கியம். சிஸ்டம் கோப்புகளை வெறுமனே ஃபேட் ஃபைல் சிஸ்டம் உள்ள பென் டிரைவுக்கு நகலெடுத்துத் திரும்பப் போட்டால் அனுமதிகள் தொலைந்து, நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளை கூட ஓடாது. ஆனால் முழு சிஸ்டத்தையும் டாரில் கட்டி, புதிய டிஸ்க்கில் விரித்தால் வேலை அதோடு முடியாது. டிஸ்க்கின் அடையாள எண்ணான யூயூஐடி மாறியிருக்கும்; எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திருத்தி, பூட்லோடரான கிரப்பை மறுபடி நிறுவினால்தான் பூட் ஆகும். பழக்கமில்லாதவர்களை இதில் நான் இறக்கிவிட மாட்டேன். ஈடிசி கோப்புறையை மட்டும் கட்டி வைக்கச் சொல்வேன், அதற்கு டாரைப்போல எளிமையானது வேறில்லை.

என் ஏற்பாடு இதுதான்: தனி டிஸ்க்கில் டைம்ஷிஃப்ட் தினமும் ஒன்று, பழையதில் ஐந்தை மட்டும் வைத்திருக்கும். பெரிய வெர்ஷன் மாற்றத்துக்கு முந்தின இரவு குளோன்சில்லா இமேஜ் ஒன்று.