ராமநாதபுரத்தில் ஹாக்கி மட்டை வாங்க ஒரு கடை

அரண்மனைப் பக்கத்துக் கடைகளில் ஹாக்கி மட்டை கேட்டால் பரணில் ஏறி, தூசி தட்டி ஒன்றை எடுத்துத் தருவார்கள். முன்னால் நிற்பதெல்லாம் கிரிக்கெட் பேட். இந்தக் கடை அப்படியில்லை. இடம் குறுகல்தான், ஆனால் மட்டைகளை நீளம் பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். 36.5 அங்குலம் என்றதும் நாலைந்து மட்டை மேசைக்கு வந்துவிட்டது.

மட்டை என் அக்கா மகனுக்கு. மண்டபம் ஊரில் ஒன்பதாம் வகுப்பு. போனைத் திறந்தால் கோன்சாலோ பெய்லாட்தான். ஜெர்மனி ஹாக்கி வீரர், பிறந்தது அர்ஜென்டினாவில். 2016 ரியோ ஒலிம்பிக் அரையிறுதியில் அர்ஜென்டினாவுக்காக ஜெர்மனிக்கு எதிராகவே மூன்று கோல் போட்டு, தங்கமும் வாங்கியவர். அப்புறம் ஜெர்மனிக்கு மாறி, 2023 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மறுபடி மூன்று, கோப்பையும் ஜெர்மனிக்கே. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் நம்மை 3-2 என்று வீட்டுக்கு அனுப்பியபோதும் ஒரு கோல் அவருடையது. அந்தக் கோபமெல்லாம் இந்தப் பசங்களுக்கு இல்லை. ஹாக்கி இந்தியா லீகில் ஹைதராபாத்துக்கு ஆடினாரே, போதாதா! எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் பெனால்டி கார்னர் வாய்ப்பில் அவர் பந்தை இழுத்து வீசும் சின்ன வீடியோக்களைக் கூட்டாளிகளோடு உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஓட்டுகிறான்.

அதனால், அப்படி இழுத்து வீசத் தோதான 'லோ போ' மட்டைதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

கடைக்கார பாய் இரண்டு மட்டைகளை மேசைமேல் படுக்கவைத்துக் காட்டினார். லோ போவில் வளைவு அடிப்பக்கம் இறங்கியிருக்கும். விதிப்படி 25 மில்லிமீட்டருக்கு மேல் வளையக் கூடாது. அந்தக் குழிவில் பந்து உட்கார்ந்துகொள்வதால் இழுத்து வீசச் சுகம். ஆனால் சாதாரணமாக ஓங்கி அடித்தால் பந்து மேலே கிளம்பிவிடும். நம் ஊர் மணல் தரையில் பந்து ஏற்கெனவே துள்ளுகிறது, எதிரே நிற்பவன் முட்டி என்னாவது?

"தம்பி, டீம்ல எந்த இடம்?"

"லெஃப்ட் ஹாஃப், பாய்."

"பெனால்டி கார்னர் நீயா எடுக்குறே?"

பதில் இல்லை.

4,800 ரூபாய் மட்டையை உள்ளே வைத்துவிட்டு, நடுவில் வளைந்த 2,100 ரூபாய் மட்டையைக் கொடுத்தார். இரண்டு மடங்கு வியாபாரத்தை எந்தக் கடைக்காரர் இப்படி விடுவார்? எனக்கு இதுவே போதும், ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்றால், மட்டையோடு வந்த கிரிப் மட்டம். கடல் காற்றும் கை வியர்வையும் சேர்ந்து பிசுபிசுத்து வழுக்கியது. வேறு சுற்ற 150 ரூபாய். மருமகன் ஜெர்மனிக் கொடி மாதிரி கறுப்பு, சிவப்பு, மஞ்சள் மூன்றும் கலந்தது கேட்டான், இருந்தது, கொடுமை! கோல்கீப்பர் பேடு, ஹெல்மெட் எதுவும் இங்கே கிடைக்காது, மதுரைக்குத்தான் போக வேண்டும். பில் கேட்டால்தான் தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடுவார்கள், மூன்று மணிக்கு மேல் போங்கள். வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிடுவது நல்லது.